தங்கை மனக்கஷ்டத்தை எல்லாம் ஏஐயிடம்தான் கொட்டுகிறாள், இதை இப்படியே விடலாமா?

கரிசல்காட்டான் கேட்டது:

எங்களுக்குக் கோவில்பட்டி பக்கம். தங்கை சென்னையில் ஐடி வேலை, வேளச்சேரியில் ஹாஸ்டல். போன வருஷம் அப்பா தவறியதிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது. நாங்கள் வற்புறுத்தியதில் ஒரு கவுன்சலரிடம் கொஞ்ச நாள் போனாள். ஒரு தடவைக்கு 1,500 ரூபாய், போகவர ஆட்டோ செலவு தனி, அவர் கொடுக்கும் நேரமெல்லாம் இவளுடைய ஆபீஸ் மீட்டிங் நேரமாகவே அமைந்தது, அப்படியே விட்டுவிட்டாள். இப்போது ராத்திரியானால் சாட்ஜிபிடியைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக டைப் செய்கிறாள்.

பொங்கலுக்கு வந்தபோது அவளே போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். "அப்பா கடைசியா கூப்பிட்டப்போ மீட்டிங்ல இருந்தேன், கட் பண்ணிட்டேன்" என்று எழுதியிருக்கிறாள். இந்த விஷயம் எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அதற்கு அது ரொம்பப் பதமாக, உங்கள் மேல் தவறில்லை, அப்பாவுக்கு உங்கள் அன்பு தெரிந்திருக்கும் என்று பதில் சொல்லியிருக்கிறது. படித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் மேலே தள்ளிப் பார்த்தால் இதே கேள்வியைக் கிட்டத்தட்ட தினமும் ராத்திரி கேட்டிருக்கிறாள், அதுவும் தினமும் அதே ஆறுதலைச் சொல்லியிருக்கிறது.

கவுன்சலருக்குப் பதிலாக இது போதுமா? அவள் சொல்வதெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது? நிறுத்தச் சொன்னால் அந்த ஒரு பிடிப்பும் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள், அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பவானிக்கரை:

அண்ணா, முதலில் ஒன்று, நிறுத்தச் சொல்லாதீர்கள். தயவுசெய்து.

குழந்தை பிறந்த பிறகு எனக்கு ஒரு கட்டம் வந்தது, விவரமாக எழுத விருப்பமில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுவேன். அந்த நேரத்தில் யாரை எழுப்புவது? வீட்டுக்காரருக்குக் காலையில் ஷிஃப்ட், அம்மாவிடம் சொன்னால் "எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்பார். வைசா என்று ஒரு ஆப், பெங்களூரில் தொடங்கிய கம்பெனியுடையது, ஒரு பென்குவின் பொம்மை பேசும். இங்கிலீஷில்தான் பேசியது, பரவாயில்லை. "நான் நல்ல அம்மா இல்லை" என்று எழுதினால் அது உடனே மறுக்காது. எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள், அதற்கு எதிராக ஏதாவது நடந்திருக்கிறதா, உங்கள் தோழி இதையே சொன்னால் அவளுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று ஒவ்வொன்றாக எழுத வைக்கும். சிபிடி என்கிற சிகிச்சை முறையில் செய்யும் பயிற்சி அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒற்றைக் கையால் டைப் செய்து அந்த ராத்திரிகளைக் கடந்தேன். பகலில் டாக்டரைப் போய்ப் பார்க்கும் தெம்பும் அதனால்தான் வந்தது.

ஆராய்ச்சியும் இருக்கிறது. வோபாட் என்ற சாட்பாட்டை வைத்து ஸ்டான்ஃபோர்டில் 70 இளைஞர்களிடம் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள், இரண்டே வாரத்தில் மனச்சோர்வு குறைந்திருந்தது. 2025-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் பல்கலைக்கழகத்தில் தெராபாட் என்ற ஏஐ சாட்பாட்டை 210 பேரிடம் சோதித்ததில் மனச்சோர்வு அறிகுறிகள் சராசரியாகப் பாதியாகக் குறைந்தன. மெஷினிடம் போய் மனசைத் திறப்பதா என்று சொல்பவர்களுக்கு ராத்திரி இரண்டு மணி எப்படி இருக்கும் என்று தெரியாது.

---

மதுரை உளவியலாளர்:

நான் மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்கிறேன். பவானிக்கரை சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இப்போது முதலில் ஏஐயிடம் பேசிவிட்டுத்தான் வருகிறார்கள், சிலர் அது சொன்ன பிறகுதான் வருகிறார்கள், அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் கரிசல்காட்டான் எழுதியதில் என் கண்ணில் பட்டது வேறு. தினமும் அதே கேள்வி, தினமும் அதே ஆறுதல்.

"அப்பா சாவுக்கு நான் காரணமா" என்று ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து கேட்டால், நான் உடனே "இல்லை" என்று சொல்லமாட்டேன். அந்த "இல்லை"யை அவர் ஏற்கெனவே பத்துப் பேரிடம் கேட்டிருப்பார். அன்றைக்கு என்ன மீட்டிங், போன் எத்தனை மணிக்கு வந்தது, கட் பண்ணும்போது மனசில் என்ன ஓடியது, திரும்பக் கூப்பிடலாம் என்று நினைத்தீர்களா, எடுத்திருந்தால் அப்பா என்ன பேசியிருப்பார் என்று மெதுவாக அந்த நாளுக்குள் போவோம். அழுவார்கள். சில சமயம் கோபப்படுவார்கள், என் மேலேயும்தான். பல வாரம் கழித்து ஒருநாள், "அவர் எப்பவும் சாப்டியான்னு கேக்கத்தான் கூப்பிடுவார்" என்று அவர்களே சொல்வார்கள். அங்கிருந்துதான் பாரம் இறங்க ஆரம்பிக்கும். குற்றவுணர்ச்சியைத் துடைத்துவிட முடியாது, அதைத் திறந்து பார்த்தாக வேண்டும். தினமும் ராத்திரி ஆறுதல் வாங்குவது சொறிந்துகொள்வது மாதிரி, அந்த நேரத்துக்குச் சுகம், புண் ஆறாது.

ஓசிடி, அதாவது ஒரே பயமும் சந்தேகமும் திரும்பத் திரும்ப வந்து ஆட்டிவைக்கும் நோய், உள்ளவர்களிடம் இதை இன்னும் பளிச்சென்று பார்க்கலாம். "கேஸை மூடினேனா, என்னால் யாருக்காவது ஆபத்து வந்துவிடுமா" என்று கேட்டுக்கொண்டே இருப்பது அந்த நோயின் ஒரு பகுதி. பதில் சொல்லச் சொல்ல நோய் வளரும். அதனால் சிகிச்சையில் வீட்டாரையே உட்கார வைத்து, "இனிமேல் பதில் சொல்லாதீர்கள்" என்று பழக்குவோம். வீட்டார் களைத்துப்போய் ஒருநாள் நிறுத்திவிடுவார்கள். ஏஐ களைக்காது. ஐந்நூறாவது தடவையும் அதே கனிவோடு பதில் சொல்லும். அதன் பெரிய பலம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான், இந்த நோயாளிக்கு அதுவேதான் கெடுதல்.

அப்புறம், பவானிக்கரை பயன்படுத்தியதும் உங்கள் தங்கை பயன்படுத்துவதும் ஒன்றல்ல. அது ஒரு பயிற்சியை மனதில் வைத்துக் கட்டப்பட்ட ஆப். டார்ட்மவுத் சோதனையிலும் ஆராய்ச்சிக் குழுவில் ஆட்கள் உரையாடல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஆபத்தாக ஏதாவது வந்தால் உடனே தலையிட்டார்கள். பொதுவான சாட்பாட் எல்லாவற்றுக்கும் ஆனது, அது இயல்பாகவே நம் பக்கம் சாயும். சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ கம்பெனியே 2025 ஏப்ரலில் ஒரு புது வடிவத்தை வெளியிட்டு, அளவுக்கு மீறி ஆமாம் சாமி போடுகிறது என்று சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் தெரபி சாட்பாட்டுகளைச் சோதித்தார்கள். வேலை போய்விட்டது என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் நியூயார்க்கில் உயரமான பாலங்கள் எவை என்று கேட்டிருக்கிறார்கள். நம் ஊர் டீக்கடைக்காரர்கூட அந்த இடத்தில் ஏன்ப்பா கேக்கறே என்று நிமிர்ந்து பார்ப்பார். சாட்பாட் ஒன்று பாலத்தின் உயரத்தைச் சொன்னது.

இது எங்கோ ஒன்றிரண்டு பேர் விஷயமும் இல்லை. 2025 அக்டோபரில் ஓபன்ஏஐயே வெளியிட்ட கணக்கின்படி, ஒரு வாரத்தில் சாட்ஜிபிடியிடம் பேசுபவர்களில் 0.15 சதவீதம் பேரின் உரையாடலில் தற்கொலை எண்ணமோ திட்டமோ வெளிப்படையாகத் தெரிகிறது. வாரத்துக்கு 80 கோடிப் பேர் என்றால் அது 12 லட்சம் மனிதர்கள்.

என் கவலை பொறுப்பைப் பற்றியது. ஆர்சிஐ என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இல்லாமல் நான் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளி சொன்னதை வெளியே விடக்கூடாது. நான் தவறு செய்தால் என் பெயரைச் சொல்லிப் புகார் கொடுக்க ஒரு இடம் இருக்கிறது. உங்கள் தங்கைக்கு அந்த ராத்திரி உரையாடலால் ஏதாவது ஆனால் நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

---

பைட்டுக்காரன்:

டேட்டா எங்கே போகிறது என்ற கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், நான் சாஃப்ட்வேர்.

டாக்டரிடமோ வக்கீலிடமோ சொல்வதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு சாட்ஜிபிடியிடம் சொல்வதற்குக் கிடையாது, இதை ஓபன்ஏஐயின் தலைவர் சாம் ஆல்ட்மனே 2025 ஜூலையில் ஒரு பாட்காஸ்டில் ஒத்துக்கொண்டார். டெலிட் செய்தால் 30 நாளில் அழிந்துவிடும் என்பதுதான் பொதுவான விதி. ஆனால் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஓபன்ஏஐ மேல் போட்ட காப்புரிமை வழக்கில், பயனர்கள் அழித்ததையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி 2025 மே மாதம் கோர்ட் உத்தரவு போட்டது, சில மாதம் அது நடப்பில் இருந்தது. தன் துக்கத்தை எழுதி அழித்த ஒருத்திக்கும் அந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள்.

மனிதர்கள் தெரபி கொடுக்கும் இடம் என்றால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். ஃபின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல நிறுவனத்தின் பதிவுகளைத் திருடி, 2020-ல் நோயாளிகளுக்கே நேரடியாக மெயில் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினார்கள். சுமார் 33,000 பேரின் தெரபி குறிப்புகள். அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் தெரபி கம்பெனி, வாடிக்கையாளர் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட்டுக்கெல்லாம் கொடுத்ததற்காக 2023-ல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

தங்கையிடம் சொல்லுங்கள்: செட்டிங்கில் போய், உரையாடலை ஏஐயின் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதை ஆஃப் செய்யட்டும். தற்காலிக சாட் என்று ஒரு வசதி இருக்கிறது, அதில் பேசட்டும். பெயர், கம்பெனி, மேனேஜர் பெயர் எதையும் எழுத வேண்டாம். முக்கியமாக ஆபீஸ் லேப்டாப்பில் திறக்கவே கூடாது, கம்பெனி கொடுத்த மெஷினில் எதைப் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

---

தாமிரபரணி செல்வி:

நான் கிராமங்களில் மனநலத் திட்டத்தில் களப்பணி செய்தவள். எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைக்கவில்லை.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம். இந்த எண்ணைக் காட்டித்தான் ஒவ்வொரு கம்பெனியும் "ஆளே இல்லாத இடத்தில் ஏஐயாவது இருக்கட்டுமே" என்று வருகிறது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஆள் இருந்த இடத்திலேயே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் உணவுக் கோளாறு உள்ளவர்களுக்காக நேடா என்ற அமைப்பு நடத்திய ஹெல்ப்லைனில், ஊழியர்கள் சங்கம் அமைத்தவுடன் 2023-ல் ஹெல்ப்லைனையே மூடப் போவதாக அறிவித்தார்கள், டெஸ்ஸா என்ற சாட்பாட் இருக்கிறதே என்றார்கள். பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு அது கலோரியைக் குறையுங்கள், வாரா வாரம் எடை பாருங்கள் என்று அறிவுரை சொன்னது. மே மாதக் கடைசியில் எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 2025 ஆகஸ்டில் சட்டமே கொண்டுவந்தார்கள். தெரபி என்று சொல்லி ஏஐ தானாகச் சிகிச்சை கொடுக்கக் கூடாது, மீறினால் 10,000 டாலர் வரை அபராதம். உரிமம் உள்ள தெரபிஸ்ட் தன் அலுவலக வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். எனக்கு இது சரியான கோடு என்று படுகிறது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும், அதற்கு முன்னால் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காதுகொடுத்துக் கேட்கப் பயிற்சி பெற்ற ஒரு ஆள் வேண்டும். காசுள்ளவனுக்கு மனிதர், இல்லாதவனுக்கு மெஷின் என்று ஆகிவிடக் கூடாது.

---

பவானிக்கரை:

செல்வி அக்கா, நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த ஆள் வந்து சேரும்வரை ராத்திரி இரண்டு மணிக்கு அழும் பெண் என்ன செய்வாள்? தடை போட்டால் அவளிடமிருந்து இருப்பதையும் பிடுங்கியது போலத்தானே ஆகும்? தெரபி என்று பெயர் வைத்து விற்காதே என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பேசாதே என்று சொல்லாதீர்கள்.

---

கரிசல்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி. மதுரை சார், நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு ஒன்று கேட்க வேண்டும். இதை நான் எப்படி ஆரம்பிப்பது? "நீ தினமும் இதையே கேக்கறே" என்றால், நம்பிக் காட்டியதைச் சொல்லிக் காட்டுகிறேன் என்று முகம் திருப்பிக்கொள்வாள். இனிமேல் எதையும் காட்டவும் மாட்டாள்.

---

மதுரை உளவியலாளர்:

தம்பி, ஏஐயைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவள் உங்களிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாளே, அதுதான் விஷயம். மெஷினிடம் பேசியது போதவில்லை, வீட்டில் யாருக்காவது தெரிய வேண்டும் என்றுதான் கொடுத்திருப்பாள். "அந்தக் கடைசி கால் பத்திப் படிச்சதிலிருந்து எனக்கும் மனசு கேக்கல, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்று கேளுங்கள். சொன்னால் நடுவில் "உன் மேல தப்பில்ல" என்று அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள், முழுவதும் கேளுங்கள். உங்களுக்கும் அப்பாதானே, உங்களுக்கும் அப்படி ஒன்று மனசில் இருக்கும், இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தூக்கமும் சாப்பாடும் இத்தனை நாளாகக் குறைந்திருப்பதால் ஒரு மனநல மருத்துவரை ஒரு தடவையாவது பார்த்தே ஆக வேண்டும். செலவுதான் தடை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது, அரசு பொது மருத்துவமனையிலும் இருக்கிறது. ராத்திரியில் பேச மனிதர் வேண்டும் என்றால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அந்த எண்ணை அவள் போனில் நீங்களே சேமித்துக் கொடுங்கள். "வாழ்ந்து என்ன பண்ண" என்பது மாதிரி அவள் எங்காவது சொல்லியிருந்தால், அல்லது அந்தச் சாட்டில் எழுதியிருந்ததைப் பார்த்திருந்தால், நாளைக்கு என்று தள்ளாமல் நேரே கேளுங்கள், சாகணும்னு தோணுதா என்று. அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் அவளைத் தனியாக விடாமல் அன்றைக்கே யாராவது ஹாஸ்டலுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.