புதுப்பிப்பு: ராத்திரி போனை ஒதுக்கி மூணு வாரம்

ராத்திரி ரீல்ஸ் பார்த்தே ஒரு மணியாகுது, காலேஜில் தூங்கி வழியுறேன், இனி ஒன்பதுக்கு மேல போன் அடுப்படி அலமாரியில்னு போன மாசம் எழுதியிருந்தேன். தூக்கம் திரும்பிருச்சு.

ஆனா போனை மொத்தமா ஒதுக்க முடியல. போன வாரம் பழைய புயல் வீடியோ ஒண்ணு 'இப்போ பாம்பன்'னு வாட்ஸ்அப்பில் சுத்துச்சு. அம்மா கை நடுங்க, மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருந்த அப்பாவுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தாங்க. நடுக்கடலில் டவர் ஏது? வானிலை மையத்தோட பக்கத்தைத் திறந்து காட்டினேன். கடல் ஓசை 90.4 வச்சோம் (மீனவர்களுக்காகவே 2016-ல் பாம்பனில் தொடங்கின ரேடியோ). துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தலைன்னு தெரிஞ்சப்புறம்தான் அம்மாவுக்குச் சோறு இறங்குச்சு. வீடியோ அனுப்பின சித்தப்பாகிட்ட நானே பேசி அழிக்கச் சொன்னேன்.

விடியக்காலை அப்பா கரையேறினார், சட்டையெல்லாம் உப்பு பூத்து.