புதுப்பிப்பு: சம்பளம் கேட்டே விட்டேன்

புது வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது, கூட்டிக் கேட்டால் ஆஃபரே கைவிட்டுப் போய்விடுமோ என்று போன வாரம் புலம்பியிருந்தேன். கேட்டுவிட்டேன்.

போனில்தான். "12 சதவீதம் கூட்டித் தந்தால் இன்றே கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த நாலைந்து நொடி மௌனம் இருக்கிறதே, அப்பப்பா! "பரவாயில்லை, இருப்பதே போதும்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் பதில்: அடிப்படைச் சம்பளத்தில் 5 சதவீதம், மீதிக்கு ஒருமுறை மட்டும் போனஸ். போனஸ் அடுத்த வருடம் வராது; அடிப்படை கூடினால்தான் பிற்பாடு வரும் உயர்வும் அதன்மேல் ஏறும். அதனால் போனஸில் பாதியை விட்டுக்கொடுத்து, அடிப்படை உயர்வை 7 சதவீதம் ஆக்கிக்கொண்டேன்.

எல்லாம் எழுத்தில் வந்த பிறகுதான் பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்தேன். "வாயைத் திறக்காதே" என்ற அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.