கல்லூரி வரப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் ஊர் போடுகிறோம், பட்டவர்கள் சொல்லுங்கள்

பிளான் வரைகிறவன், இராமநாதபுரம்

எங்கள் குடும்பத்துக்கும் பங்காளிகளுக்கும் சேர்த்து, கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் 22 ஏக்கர் கிடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து தெற்கே இறங்கினால் பாதி பனை, பாதி சீமைக்கருவேலம். கரிமூட்டம் போடுகிறவர்களைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. போன வருடம் பக்கத்து நிலத்துக்கு வேலி போட்டு, கல்லூரி வருகிறது என்று போர்டு நட்டார்கள். கட்டடம் இன்னும் எழும்பவில்லை. ஆனால் அந்த போர்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

பங்காளிகள் மனை மனையாக அறுத்து விற்றுவிடலாம் என்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கீழே கடை, மேலே வீடு, மாணவர் தங்க அறைகள், வாத்தியார் குடும்பங்களுக்குச் சின்ன வீடுகள், நடுவில் ஒரு சந்தை என்று ஊர் மாதிரி ஒன்று போடலாம் என்று ஒரு படம் வரைந்தேன். கல்லூரி வாசலை நோக்கி 12 மீட்டர் அகலத்தில் பெரிய தெரு. தெற்குக் கோடியில், கடல் காற்று வாங்கட்டும் என்று மாணவர் விடுதி.

படத்தைக் கொண்டுபோய் அப்பத்தாவிடம் காட்டினேன். 80 வயதுக்கு மேல் ஆகிறது, பிளான் என்றால் என்னவென்றே தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கெணறு எங்கடா?" என்றது. மேல்நிலைத் தொட்டிக்குப் போட்டிருந்த நீல வட்டத்தைக் காட்டினேன். அது அதைச் சட்டை செய்யவில்லை. "இந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் ரோடு, அப்ப மண்மேடு எங்க வருது?" என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் விரலை ஊன்றிக்கொண்டு, "இங்கனதான் நாங்க ஊத்துத் தோண்டுவோம்" என்றது. விரல் இருந்தது மாணவர் விடுதியின் மேல். இன்னும் சரியாகச் சொன்னால், விடுதியின் செப்டிக் டேங்கின் மேல்.

அன்றைக்கு அந்தப் படத்தை மடித்து வைத்ததுதான். இந்தக் கரையில் கல்லூரிப் பக்கத்தில் வீடோ கடையோ கட்டியவர்கள், குடியிருந்தவர்கள், கையைச் சுட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.


கிணறு, போர் வேலை, உச்சிப்புளி

உங்கள் அப்பத்தா சொன்னதுதான் கணக்கு. 30 வருடமாக இந்தக் கரையில் துளை போடுகிறேன். மண்மேட்டுக்குக் கீழே இருக்கும் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மழைத் தண்ணீர் எடை குறைவு, கடல் தண்ணீர் எடை கூடுதல். ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். படித்தவர்கள் சொல்லும் கணக்கு, கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது. அதையே திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். வந்துவிட்டால் திரும்பப் போகப் பல மழைக்காலம் ஆகும்.

நானே பாவம் செய்திருக்கிறேன். கடற்கரை ஓரம் ஒரு குடியிருப்புக்கு ஆழமாகப் போர் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் இளநீர் மாதிரி தண்ணீர், எனக்குச் சால்வை எல்லாம் போட்டார்கள். இரண்டாம் கோடையில் போன் வந்தது: "அண்ணே, டீ போட்டா பால் திரியுது." பக்கத்தில் பரம்பரையாக ஊற்று எடுத்த சனத்துக்கும் சேர்த்துப் போனது. அவர்கள் யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மணலில் ஆழத் துளை வேண்டாம். அகலமாக, ஆழம் குறைவாக உறைக்கிணறு போடுங்கள். ஒரே இடத்தில் இறைக்காமல் நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். செப்டிக் டேங்கை மேட்டை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். மணல் கழிவை அதிகம் பிடித்து வைக்காது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் என்று யாராவது சொன்னால், பக்கத்து ஊர்க் குழாயில் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

மழையை விடாதீர்கள். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். நமக்கு ஐப்பசி, கார்த்திகையை விட்டால் வேறு மழை ஏது? 2003-லேயே மழைநீர் சேமிப்பு கட்டாயம் என்று ஆக்கினார்கள். முக்கால்வாசி வீட்டில் அந்தக் குழாய் எதிலும் போய்ச் சேராமல் சுவரோரம் தொங்குகிறது.


கடைக்காரர், கீழக்கரை

தம்பி, நான் கட்டிய கதையைச் சொல்கிறேன். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். ஒரு கல்லூரி வருகிறது என்று நம்பி, அதன் வாசலுக்கு எதிரே 8 கடை கட்டினேன். வளைகுடாவில் 19 வருடம் சம்பாதித்த காசு. கல்லூரி சொன்ன தேதிக்கு வரவில்லை. வந்தபோது வாசலை வேறு பக்கம் வைத்துவிட்டார்கள். அது அவர்கள் நிலம், அவர்கள் வாசல். யாரைப் போய்க் கேட்பது?

சரி, சுற்றி வரட்டும் என்று இருந்தேன். ஜெராக்ஸ் கடை, ஜூஸ் கடை, செல்போன் கடை மூன்றும் முதல் வருடம் நன்றாக ஓடின. பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போனதும் தெருவில் நாய்கூட இல்லை. கோடை விடுமுறை, நோன்பு, பொங்கல், ஸ்டடி லீவு எல்லாம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் வருடத்தில் ஏழு மாத வியாபாரம்தான் தேறியது. வாடகையை ஏழு மாதத்துக்கு வாங்க முடியுமா? ஜூஸ் கடைப் பையன் ஒரு நாள் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "காக்கா (அண்ணே), மன்னிச்சிருங்க" என்று போய்விட்டான்.

தாக்குப்பிடித்தவை மருந்துக்கடை, தையல் கடை, வலைநூலும் கயிறும் விற்கிற கடை. மூன்றும் பின்பக்கத்துக் கடைகள், கதவு ஊரைப் பார்த்து இருந்தது. அப்புறம் முன்பக்கத்துக் கடைகளுக்கும் நான் பின்னால் ஒரு ஷட்டர் உடைத்து வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு. நீங்கள் முதலிலேயே இரண்டு பக்கமும் வாசல் வைத்து வரைந்துவிடுங்கள்.


சும்மா படிக்கிறவன்

கல்லூரி வராமலே போனால்? அதற்கு ஒரு படம் இருக்கிறதா?


கொத்தனார், திருப்புல்லாணி

தண்ணீரைப் பற்றிப் பெரியவர் சொல்லிவிட்டார். கட்டடத்தை நான் சொல்கிறேன். போர் தண்ணீரை ஊற்றிக் கான்கிரீட் கலக்காதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு, கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தரக் குறியீடு 456 சொல்கிறது. கடலோரத்துக்கு எம்30 என்கிற வலுவான கலவை, கம்பியை மூடி 45 மி.மீ. கான்கிரீட் (கவர்) என்றும் அதுவே சொல்கிறது. நான் போகிற சைட்டில் பாதிக்கு மேல் அந்த இடைவெளிக்கான கவர் கட்டையே வைப்பதில்லை, ஜல்லியைச் செருகிச் சமாளிக்கிறார்கள். அஞ்சாறு வருடத்தில் சன்ஷேடு பிளந்து, கம்பி கருப்பட்டி நிறத்தில் எட்டிப் பார்க்கும்.

இன்னொன்று. உங்கள் பெரிய தெரு தெற்கே கடல்வரைக்கும் நேராகப் போகிறதா? ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஒரு சாயங்காலம் அங்கே போய் நில்லுங்கள். பல்லுக்குள் மணல் வரும். தெருவைக் கொஞ்சம் ஒடித்து விடுங்கள், கடல் பக்கம் இருக்கிற பனை வரிசையைத் தொடாதீர்கள். எப்படியும் கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்ட முடியாது, 2021-லிருந்து அப்படித்தான்.


கரைவலைக்காரர் மகன், சேதுக்கரைப் பக்கம்

பிளான் வரைகிற அண்ணனுக்கு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மனைப்பிரிவுக்குக் காம்பவுண்டு கட்டினார்கள். கடலுக்குப் போக 1 மீட்டர் சந்து விட்டிருக்கிறோமே என்றார்கள். அவர்கள் மனதில் இருந்தது குளிக்கப் போகிற ஆள். எங்கள் கரைவலையை டிராக்டரில் வைத்துத்தான் கொண்டுபோவோம். வலையை இழுக்க இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும், கயிறு கரையில் நீளத்துக்குக் கிடக்கும், மீன் காய வெயில் படுகிற வெறும் மணல் வேண்டும். பாசி எடுக்கப் போகிற பெண்கள் விடியுமுன் கிளம்பி ஈரச் சாக்கைத் தலையில் சுமந்துகொண்டு வருவார்கள். அந்தச் சந்தில் எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தால் யார் ஒதுங்குவது?

வண்டிப்பாதை இருந்தது என்று நாங்கள் சொன்னோம். வரைபடத்தில் இல்லை என்றார்கள். அப்பா கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டார். இப்போது இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போகிறோம்.

அதனால் உங்கள் நிலத்தின் குறுக்கே யார் யார் நடக்கிறார்கள் என்று ஒரு மாதம் பாருங்கள். காலை நாலு மணிக்கும் பாருங்கள். அப்புறம், கடலைப் பார்த்து ஹைமாஸ்ட் விளக்கு வேண்டாம். தை, மாசியில் ஆமை ஏறும். குஞ்சு பொரித்தால் வெளிச்சத்தைப் பார்த்து ரோட்டுக்கு வந்துவிடும்.


சர்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்

கடைசிப் பதிவு வருத்தமாக இருந்தது. அந்தத் தம்பி சொன்னது போலத்தான் நடக்கும், ஏனென்றால் பழைய வண்டிப்பாதை பல புலப்படத்தில் (சர்வே எண் வாரியான நில அளவை வரைபடம்) ஏறவே இல்லை. நீங்கள் பட்டாவை மட்டும் பார்த்து வரையாதீர்கள். புலப்படம், அ-பதிவேடு (கிராமத்து நிலப் பதிவேடு) இரண்டையும் எடுத்து, ஓடை, வாய்க்கால், ஊருணிப் புறம்போக்கு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். மழை இல்லாத பத்து வருடத்தில் ஓடை தரிசு மாதிரித்தான் தெரியும். வந்தால் பழைய வழியில்தான் வரும்.

கட்டடத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏறிவரும் உச்ச எல்லை) 500 மீட்டர் வரைக்கும். ஊர்ப்புறத்தில் முதல் 200 மீட்டரில் பொதுவாகப் புதுக் கட்டடம் கூடாது. மக்கள் நெருக்கமான ஊர்களுக்கு 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. உங்கள் கிராமம் எந்த வகை என்று மாவட்டத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தரகர் சொல்வது செல்லாது. எதிரே மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவுகள், 1986-லிருந்து. கழிவுநீர்க் குழாயைக் கடல் பக்கம் திருப்பலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் அந்த ஆளை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள்.

இப்போது உங்களுக்குப் பிரயோஜனமான விஷயம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். உங்களுக்குச் சாலை ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஏக்கர் வரும். எல்லாரும் எந்த இடத்தைக் கொடுப்பார்கள் தெரியுமா? மூலையில், பள்ளத்தில், விற்காத துண்டை. நான் அளந்து கொடுத்த ஒரு பூங்காவில் இன்றைக்கும் கருவேலம் மட்டும்தான் பூங்கா. எப்படியும் கொடுக்கிற நிலம், அப்பத்தாவின் மண்மேட்டைக் கொடுங்களேன். சாலையைத் தொட்டபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு அங்கே கட்டடம் எழும்பாமல் பார்த்துக்கொள்வது உங்கள் ஊரின் பாடு.

பங்காளிகள் அனுமதி வாங்காமல் துண்டு போடலாம் என்று நினைத்தால், 2016-ல் அங்கீகாரமில்லாத மனைப் பதிவுக்கு உயர்நீதிமன்றம் தடை போட்டபோது பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவர்கள் இந்த மாவட்டத்திலேயே உண்டு என்று ஞாபகப்படுத்துங்கள்.


பழைய மாணவி, பரமக்குடி

நான் இந்தக் கரையில் ஒரு கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன், வெளியே அறை எடுத்துத் தங்கினேன். பிளான் போடுகிறவர்கள் யாரும் எங்களைக் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன்.

எங்கள் அறைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே கருவேலங்காடு. ஆறரை மணிக்கு மேல் நாலு பேர் சேர்ந்தால்தான் நடப்போம். வழியில் ஒரே ஒரு பாட்டி இடியாப்பம் விற்றார், அவர் அடுப்பு வெளிச்சம் தெரிந்தால் பாதிப் பயம் போகும். அவர் வராத அன்று சாப்பாடும் இல்லை, வெளிச்சமும் இல்லை. உப்புத் தண்ணீரில் குளித்து முடி சடை சடையாக ஆனது, சோப்பு நுரைக்கவே நுரைக்காது. அறை மேற்கே பார்த்தது, மே மாதம் சுவரைத் தொட முடியாது.

விடுதியைக் கடலோரம் தனியாக வைக்காதீர்கள். ஊருக்குள், வீடுகளுக்கு நடுவே வையுங்கள். மேலே நாங்கள், கீழே கடை. எங்களுக்குக் கடல் காற்று எல்லாம் வேண்டாம்.


பிளான் வரைகிறவன், இராமநாதபுரம்

எல்லாருக்கும் நன்றி. சும்மா படிக்கிறவர் கேட்ட கேள்விதான் இரண்டு நாள் தூங்க விடவில்லை. இப்போது முதலில் கல்லூரி இல்லாத படத்தை வரைகிறேன். பெரிய தெரு கல்லூரி வாசலைத் தேடிப் போகவில்லை. பழைய ஊர்ச் சாலையில் தொடங்கி, பனை வரிசைக்கு முன்னால் ஒடிந்து நிற்கிறது. முதல் கட்டமாக 6 ஏக்கர் மட்டும். கல்லூரி வந்தால் தெரு நீளும். விடுதி சந்தைக்கு மேலே ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவை ஆட்டோவில் வைத்து நிலத்துக்குக் கூட்டிப்போனோம். பங்காளிகளும் வந்தார்கள். அது முதலில் பனைகளை எண்ணி, ஒரு மொட்டைப் பனையிலிருந்து பத்து எட்டு வைத்து, "இங்க" என்றது. சித்தப்பா மகன் கையாலேயே மணலை வாரினான். ஒன்றரை முழம் போனதும் மணல் கறுத்தது, இன்னும் ஒரு சாண் போனதும் ஓரத்திலிருந்து கசிந்து வந்தது. கலங்கல் தெளியட்டும் என்று அப்பத்தா எல்லாரையும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரச் சொன்னது. பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிரட்டையை எடுத்து, அடி மண்ணைக் கலக்காமல் மேலாக மொண்டது.

மனை போடச் சொன்ன பெரியப்பா குடித்துப் பார்த்தார். இன்னொரு சிரட்டை வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு எத்தனை சென்ட் போகும்?" என்று கேட்டார்.

புதன்கிழமை சங்கிலி வைத்து அளக்கிறோம். வண்டிப்பாதையையும் சேர்த்து.