பிராங்க்ளின் ஃபீல்டில் உருண்டு வந்த பேட்டன்

வடகரை:

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பிராங்க்ளின் ஃபீல்டு மைதானத்தைப் பற்றிய அனுபவங்களை நாம் பகிர்ந்துகொள்ளும் இந்த இடத்தில், ஆண்டுதோறும் அங்கே நடக்கும் பென் ரிலேஸ் என்ற தொடரோட்ட விழாவில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பிலடெல்பியாவில் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில், ஏப்ரல் கடைசி வாரத்தில் விழா நடக்கும் மூன்று நாட்களும் நான் தன்னார்வலனாகப் பணியாற்றினேன். நால்வர் தலா 400 மீட்டர் ஓடும் பள்ளி மாணவியரின் 4x400 மீட்டர் ஓட்டத்தில், ஒருவர் அடுத்தவருக்குக் கொடுக்கும் குழாயான பேட்டன் கைமாறும் இடத்தில் என்னை நிறுத்தியிருந்தார்கள். ஒரு பந்தயம் முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த பந்தயம் தொடங்கிவிடும்.

மூன்றாவது கைமாற்றத்தில் ஒரு பேட்டன் கீழே விழுந்து, உள்ளே வெற்றிடமான குழாய்க்கே உரிய மெல்லிய ஓசையோடு என்னை நோக்கி உருண்டு வந்தது. அடுத்த அணிகளின் கால்களுக்கிடையே அது போய்விடக் கூடாதே என்று என் வலது கால் தானாகவே நகர்ந்து அதைத் தடுத்துவிட்டது. காத்திருந்த மாணவி குனிந்து அதை எடுத்து, ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினாள். அந்த அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டதாகப் பிறகு அறிந்தேன். காரணத்தை நான் யாரிடமும் கேட்கவில்லை. என் கால்தான் காரணமோ என்ற எண்ணம் பதினோரு ஆண்டுகளாக என்னை விடவில்லை.

காவேரிக்கரை:

என்னுடையது ஓட்டப்பந்தயம் அன்று, இலையுதிர் காலத்துக் கால்பந்து ஆட்டம். அமெரிக்கக் கால்பந்தைத்தான் சொல்கிறேன். மூன்றாவது கால்பகுதி முடிந்ததும் மாணவர்கள் பல்கலைக்கழகப் பாடலைப் பாடி, வாட்டிய ரொட்டித் துண்டுகளைக் களத்தை நோக்கி வீசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டின் ஒரு வரியில் ஒருகாலத்தில் மதுக் கோப்பையை உயர்த்தினார்களாம். கேலரியில் மது தடை செய்யப்பட்ட பிறகு, ஆங்கிலத்தில் கோப்பையை உயர்த்தி வாழ்த்துவதற்கும் வாட்டிய ரொட்டிக்கும் 'டோஸ்ட்' என்ற ஒரே சொல் என்பதால் ரொட்டி அந்த இடத்துக்கு வந்தது. விழுந்ததைக் கூட்டியெடுக்கவென்றே ஒரு வண்டியும் உண்டு.

என் கையிலும் யாரோ ஒரு துண்டைத் திணித்தார்கள். கீழே சிந்திய பருக்கையைக்கூடப் பொறுக்கி எடுக்கச் சொன்ன ஆச்சியிடம் வளர்ந்த எனக்கு, கை மேலே எழவில்லை. பக்கத்தில் இருந்த வயதான முன்னாள் மாணவர், ஏன் வீசவில்லை என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் அவர்களுடைய மகிழ்ச்சியைக் குறை சொன்னதாகிவிடுமே என்று தயங்கி, பசிக்கிறது என்று பொய் சொன்னேன். அவர் உடனே, வீசுவதற்காக வைத்திருந்த தம்முடைய துண்டையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டார். இரண்டையும் அவர் பார்க்கவே தின்றேன். அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

மாடிக்கேலரி:

நண்பர் வடகரைக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீழே விழுந்த பேட்டனைத் தவறவிட்டவரே எடுக்க வேண்டும் என்பதுதான் சர்வதேச விதி. காத்திருந்த மாணவி எடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கொண்டுவந்தவரின் கையிலிருந்து அது விழுந்திருந்தால், தகுதி நீக்கத்துக்கு அதுவே போதுமான காரணம். உங்கள் காலை இதில் சேர்க்காதீர்கள்.

காவேரிக்கரை அவர்கள் எழுதியதைப் படிக்கும்போது, அந்த மைதானம் கால்பந்துக்காகவே இருப்பதுபோல் ஒரு தோற்றம் வருகிறது. அதை நான் ஏற்க மாட்டேன். 1895இல் அது திறக்கப்பட்டதே முதல் தொடரோட்ட விழாவுக்காகத்தான். ஓட்டக்காரர்களுக்காக அடித்த கூடாரங்களால் திருவிழாக் கோலம் வந்ததனால்தான் அந்த விழாவுக்குக் கார்னிவல் என்ற பெயரும் நிலைத்தது. 1920களில் எழுந்த இரண்டடுக்குக் கேலரி கால்பந்துக் கூட்டத்துக்காகக் கட்டப்பட்டது என்பதையும், பிலடெல்பியாவின் ஈகிள்ஸ் தொழில்முறைக் கால்பந்து அணி 1958 முதல் 1970 வரை அங்கே ஆடியது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் அங்கே உழைப்பவர்கள் தடகள மாணவர்களும், வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து ஆடும் லக்ராஸ் ஆட்டத்தின் ஆண், பெண் அணியினரும்தான். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய கேலரி வெறுமையாக இருக்க, கீழே பத்துப் பேர் தடையோட்டம் பழகுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த இடம் யாருடையது என்று புரியும். கால்நடை மருத்துவம் படித்த ஜான் டெய்லர் இந்தப் பல்கலைக்கழகத்தின் ஓட்டக்காரர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தொடரோட்ட அணியில் ஓடி, தங்கம் வென்ற முதல் கறுப்பின அமெரிக்கர் ஆனார். அதே ஆண்டு டிசம்பரில் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். கால்பந்தைப் பேசுகிறவர்கள் அவரையும் பேச வேண்டும்.

என் அனுபவம் சிறியது. 2010இல் பென் ரிலேஸில் ஜமைக்காவின் உசைன் போல்ட் ஓடிய சனிக்கிழமை, 54,310 பேரில் ஒருவனாக நானும் இருந்தேன். அவர் பேட்டனை வாங்கிய அந்த நொடியில் முன்வரிசை முழுவதும் எழுந்து நின்றுவிட்டதால், அசைகிற பச்சை, மஞ்சள் கொடிகளை மட்டுமே கண்டேன்.

ஆகவே, பென் ரிலேஸுக்கு முதன்முறை போகிறவர்கள் கவனியுங்கள். சனிக்கிழமை பிற்பகலுக்கு மட்டும் போகாமல் வியாழன் காலையிலேயே போங்கள். இடமும் கிடைக்கும், பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டத்தையும் அருகிலிருந்து காணலாம். மேல் அடுக்கில், கடைசி வளைவுக்கு நேராக அமருங்கள். ஒருவர் இன்னொருவரை முந்துகிற கணத்தில் அந்தப் பகுதியிலிருந்து எழுகிற நீண்ட 'ஊ' என்ற ஒலியைக் கேட்காமல் திரும்பாதீர்கள். ஏப்ரல் மாதமாயிற்றே என்று நம்பிவிடாமல் மழைச்சட்டையும் கம்பளிச்சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். காரில் போக வேண்டாம், ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளை ஓடுவதாக இருந்தால், பேட்டன் வாங்குபவர் பின்னால் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டப் பழகும்வரை 4x100 அணியில் சேர்க்காதீர்கள். வேகத்தைவிடக் கைமாற்றத்தை அதிக நாள் பழக்குங்கள்.

இரவுப்பணி:

நான் அந்த மைதானத்துக்குள் ஒருமுறையும் போனதில்லை. அருகிலுள்ள ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருந்தேன். ஏப்ரல் சனிக்கிழமை ஒன்றில், ஜமைக்காவில் பிறந்த ஒரு முதியவரைச் சக்கர நாற்காலியில் வேறொரு கட்டடத்துக்கு ஸ்கேன் எடுக்க அழைத்துச் சென்றபோது, செங்கல் சுவருக்கு அப்பாலிருந்து ஆரவாரம் எழுந்தது. அவர் என் கையைத் தொட்டு நிறுத்தச் சொன்னார். பள்ளி மாணவராக அங்கே தாம் ஓடியிருப்பதாகச் சொல்லி, கண்களை மூடிக்கொண்டு, ஒலி உயர்வதையும் தாழ்வதையும் வைத்தே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். முதல் கைமாற்றம், இரண்டாவது, மூன்றாவது. கடைசி ஓட்டக்காரர் வளைவுக்கு வந்திருக்க வேண்டும். அவருடைய சுண்டுவிரல் இன்னும் மடங்காமல் நின்றது. ஸ்கேனுக்குக் குறித்த நேரம் கடந்துகொண்டிருந்தது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டேன்.

எந்தப் பள்ளி வென்றது என்று அன்று மாலை தேடிப் பார்த்தேன். ஆனால் அவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்டுவைக்கவில்லை.

வடகரை:

மாடிக்கேலரி அவர்களே, விதியை எடுத்துச் சொன்னதற்கு நன்றி. பேட்டன் யாருடைய கையிலிருந்து விழுந்தது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. இரண்டு கைகளும் ஒரு நொடி அதன்மேல் இருந்தன. அந்த நொடியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அடுத்த ஏப்ரலில் மீண்டும் தன்னார்வலனாகப் பதிவு செய்திருக்கிறேன்; உயரம் தாண்டுதல் நடக்கும் பக்கம் நிறுத்தும்படி கேட்டுக்கொண்டேன்.