பெரிய நீர்த்தேக்கத்தில் லார்ஜ்மவுத் பாஸ் மீன் பிடிக்கிறது: பருவம் மாறினா ஜிக்கில் எதை மாத்தணும்?

நீர்மட்டம் (கேள்வி):
வசந்தத்தில் கரையோரப் புதருக்குள்ள 14 கிராம் ஜிக் (எடைத்தலை வெச்ச தூண்டில் முள்) போட்டா நல்லா எடுக்குது. கோடையில் அதே இடம், அதே ஜிக், ஒரு தொடுதல்கூட இல்லை. மீன் ஆழத்துக்குப் போயிருக்கும், சரி. ஆனா இவ்வளவு பெரிய தண்ணியில் அந்த ஆழத்தை எங்கே தேடுறது? எடை, தலை வடிவம், ட்ரெய்லர் (முள்ளில் கோர்க்கிற மென்மையான செயற்கை இரை) மூணில் எதை எப்போ மாத்தணும்? ராட் (தூண்டில் கோல்) 7 அடி 3 அங்குலம், விறைப்பான ஹெவி வகை; லைன் 17 பவுண்டு தாங்குற ஃப்ளூரோகார்பன் நரம்பு.

ஓடைத்தடம்:
மாசத்தைப் பார்க்காதீங்க, தண்ணியின் வெப்பநிலையைப் பாருங்க. 10 டிகிரி செல்சியஸ் தாண்டினதும் பாஸ் குளிர்கால ஆழத்தை விட்டுக் கிளம்பும். நேரா கரைக்கு வராது. மூழ்கின ஓடையின் தடத்தைப் பிடிச்சு, வழியில் தண்ணிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற நில முனைகளில் தங்கித் தங்கி வரும். 16 முதல் 20 டிகிரிக்குள்ள, காத்து அடிக்காத குடாவில், கெட்டியான தரையில் முட்டையிடும். திரும்பிப் போறதும் பெரும்பாலும் அதே தடத்தில்தான். அதனால புதிய இடம் தேட வேண்டாம். இப்போ மீன் எடுக்கிற குடாவிலிருந்து வெளியே வாங்க. குடா வாயில் இருக்கிற முனை, பழைய ஆறு வளைஞ்சு கரையை ஒட்டுற இடம், தண்ணிக்குள்ள மேடு, இந்த வரிசையில் பாருங்க.

ரொம்ப ஆழமாவும் போக வேண்டாம். கோடையில் தண்ணி அடுக்கு அடுக்காப் பிரிஞ்சு, கீழ் அடுக்கில் ஆக்சிஜன் குறைஞ்சிடும். சோனாரில் (ஒலியலையால ஆழத்தைக் காட்டுற கருவி) சென்சிட்டிவிட்டியைக் கூட்டினா அந்த எல்லை மங்கலான பட்டையாத் தெரியும். பட்டை 22 அடியில் இருந்தா 30 அடித் தரையில் ஜிக்கை இழுக்கிறது வீண் வேலை.

சரளை, கெட்டித் தரைக்கு 21 கிராம் ஃபுட்பால் தலை. ஆனா அதைக் கிளைகளுக்குள்ள போடாதீங்க. அகலமான தலை கவட்டையில் மாட்டிக்கும். புதருக்குக் கூர் மூக்குள்ள தலைதான் சரி. அடர்ந்த பாசின்னா 50 முதல் 65 பவுண்டு பிரெய்டு (இழைகளைப் பின்னின லைன்) வேணும்.

முனைக்கல்:
மேலே சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும்: எடைங்கிறது ஆழத்துக்கு மட்டும் இல்லை, விழுற வேகத்துக்கும்தான். கோடையில் கனமான ஜிக் சடார்னு விழும்போது பசி இல்லாத மீனும் சட்டுனு பாய்ஞ்சு கவ்வும். 10 டிகிரிக்குக் கீழே மீனுக்கு அந்தத் துரத்தல் இருக்காது. அப்போ 10 கிராம் ஜிக், குட்டையா வெட்டின ஸ்கர்ட் (தலையைச் சுத்தித் தொங்குற இழைகள்), அதிகம் ஆடாத தடிச்ச சங்க் ட்ரெய்லர் போதும். ரீலைச் சுத்தாம ராடால மெதுவா இழுத்து நிறுத்துங்க. கொடுக்கு படபடக்கிற நண்டு ட்ரெய்லரை வெதுவெதுப்பான தண்ணிக்கு வெச்சுக்கோங்க. குளிர்காலத்தில் காத்து பலமா அடிச்சா மட்டும் 14 கிராமுக்குப் போங்க. அந்தக் காத்தில் 10 கிராமே போட்டா லைன் வில்லா வளைஞ்சு தொடுதலே தெரியாது.

இலையுதிர் காலத்தில் இரைமீன் கூட்டம் ஓடைகளின் உள்பக்கம் போகும், பாஸும் பின்னாலேயே போகும். அப்போ தரையை விட்டுட்டு 10 கிராம் ஸ்விம் ஜிக்கை (நீந்துற மாதிரி இழுக்கிற ஜிக்) நடுத்தண்ணியில் ஓட்டுங்க. அணையில் தண்ணியை இறக்கினா, ஆழம் குறைஞ்ச தரையை விட்டுப் பக்கத்தில் இருக்கிற செங்குத்தான சரிவுக்கு மீன் ஒதுங்கும்.

நீர்மட்டம்:
நன்றி. தொடுதல் தெரிஞ்சும் முள் ஏறாம போகுதே?

ஓடைத்தடம்:
வீட் கார்டைப் பாருங்க, முள் பாசியில் மாட்டாம தடுக்கிற நார்க்கட்டு அது. புது ஜிக்கில் அந்த நார்கள் பெரும்பாலும் ரொம்ப விறைப்பா இருக்கும். மூணில் ஒரு பங்கை அடியோட வெட்டுங்க. மிச்சத்தை முள்ளின் முனைக்குக் கொஞ்சம் மேலே நிக்கிற அளவுக்கு நறுக்கி, விசிறி மாதிரி பிரிச்சு விடுங்க. விரலால லேசா அழுத்தினா மடங்கணும்.

அடுத்தது, நிறைய பாஸ் ஜிக் விழும்போதே எடுக்கும். லைனைக் கொஞ்சம் தளர்வா விட்டு, அது தண்ணியைத் தொடுற இடத்தையே பாருங்க. தரை தொட எட்டு எண்ணணும்னு தெரிஞ்ச இடத்தில் ஐந்திலேயே லைன் நின்னா, இல்லை பக்கவாட்டில் நகர்ந்தா, தளர்வைச் சுத்தி எடுத்துட்டு ராடை மேலே வீசி இழுங்க. தளர்வோட இழுத்தா முள் உதட்டில் ஏறாது.

ஜிக்கை லைனில் கட்டுற பாலோமர் முடிச்சை நனைச்சுட்டு இறுக்குங்க, காய்ஞ்சபடி இழுத்தா சூட்டில் ஃப்ளூரோகார்பன் பலம் போயிடும். பாறையில் இழுத்தா கடைசி மூணு அடியை விரலால தடவி, சொரசொரப்பு இருந்தா வெட்டிட்டு மறுபடி கட்டுங்க.

முனைக்கல்:
இன்னொண்ணு: 30 அடிக்குக் கீழே இருந்து மேலே வர்ற மீனுக்குக் காத்துப்பை வீங்கிடும். விடுறதா இருந்தா தொட்டியில் போட்டு வைக்காதீங்க, முள்ளைக் கழட்டினதும் உடனே தண்ணியில் விடுங்க.