மூட்டுவலிக்கு அக்குபஞ்சர்: சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள், சரியா?

திருமங்கலத்தான்:

அம்மாவுக்கு வயது 58. இரண்டு முழங்காலிலும் வலி, எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று வந்திருக்கிறது. ஆறு வருடமாகச் சர்க்கரை; மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். மதுரையில் இரண்டு இடத்தில் விசாரித்தோம். ஒரு இடத்தில் ஊசி போடுகிறார்கள், வாரம் இரண்டு தடவை. இன்னொரு இடத்தில் ஊசி கிடையாது. நாடி பார்த்து ஒரே புள்ளியில் விரல் வைப்பார்களாம், ஆனால் எல்லா மாத்திரையையும் அன்றே நிறுத்த வேண்டுமாம். கூடவே மூட்டுவலிக்கு என்று ஒரு சீன மூலிகை டப்பாவும் காட்டினார்கள். எதில் போகலாம்? ஊசி என்றால் எங்கே குத்துவார்கள், எத்தனை தடவை, என்ன தப்பு நடக்கும்? இன்னொன்று: தங்கைக்கு மூன்றாம் மாதம், ஓயாத வாந்தி. அவளுக்கு இதில் வழி உண்டா?

ஊசிமுனை:

மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள் தம்பி. முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கச் சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டிய தேவை அக்குபஞ்சரில் எங்குமே இல்லை. நிறுத்தினால் சில நாளிலேயே தாகமும் அடிக்கடி சிறுநீரும் வரும். அதைக் 'கழிவு வெளியேறுகிறது' என்று விளக்குவார்கள். அது கழிவு இல்லை, ரத்தத்தில் ஏறிய சர்க்கரை. இன்சுலின் போடுகிறவர்கள் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இனி ஊசி விஷயம். சீன மருத்துவத்தில் மூட்டுவலிக்கு 'பீ' என்று பெயர், அடைப்பு என்று பொருள். காற்று, குளிர், ஈரம் உள்ளே தங்கி உடலின் சக்தி ஓட்டத்தை மறிக்கிறது என்பது அவர்கள் கணக்கு. குளிரில் கூடி ஒத்தடத்தில் குறையும் வலிக்கு ஊசியோடு சூடும் கொடுப்பார்கள். மூட்டு சிவந்து கொதித்தால் சூடு கூடாது. காய்ச்சலோடு திடீரென்று வீங்கிய மூட்டு என்றால் அக்குபஞ்சர் பேச்சே வேண்டாம், நேரே பெரியாஸ்பத்திரிதான்.

அளவு சொல்வது 'சுன்' கணக்கில். நோயாளியின் கட்டைவிரல் கணு அகலம் 1 சுன். நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் 3 சுன். வைத்தியர் தன் விரலால் அளந்தால் இடம் மாறிவிடும். முழங்காலுக்கு வழக்கமான புள்ளிகள் இவை (எஸ்டி, எஸ்பி போன்றவை சக்திப் பாதையின் சுருக்கப்பெயர், எண் அந்தப் பாதையில் புள்ளியின் வரிசை). மடக்கிய காலில் முழங்கால் சிரட்டைக்குக் கீழே இருபுறமும் உள்ள குழிகள். வெளிக்குழியிலிருந்து 3 சுன் கீழே, கணைக்காலெலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே எஸ்டி 36. உள்பக்கம், எலும்பின் விரிந்த தலைக்குக் கீழ்ப் பள்ளத்தில் எஸ்பி 9. வெளிப்பக்கச் சிற்றெலும்புத் தலைக்கு முன்னும் கீழுமான பள்ளத்தில் ஜிபி 34. தொடைத் தசையில், சிரட்டையின் உள்மேல் விளிம்பிலிருந்து 2 சுன் மேலே எஸ்பி 10. ஊசி பெரும்பாலும் 0.25 அல்லது 0.30 மி.மீ. தடிமன், 25 முதல் 40 மி.மீ. நீளம். 20 முதல் 30 நிமிடம் வைத்திருப்பார்கள். ஊசி இறங்கியதும் மந்தமான கனமோ இழுப்போ தெரியும், அதைத்தான் 'தெச்சி' என்பார்கள். மின்னல் மாதிரி பாதம் வரை ஓடினால் அது தெச்சி இல்லை, நரம்பில் பட்டிருக்கிறது. ஜிபி 34 பக்கம் ஒரு நரம்பு எலும்பைச் சுற்றி ஓடுவதால் இது அங்கே நடக்கக்கூடும். உடனே சொன்னால் ஊசியைப் பின்னுக்கு இழுத்துவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது.

சிரட்டைக் குழிகளில்தான் கூடுதல் கவனம். அங்கே ஆழமாகப் போனால் ஊசி மூட்டுக்குள்ளேயே நுழையும். கிருமி போனால் மூட்டில் சீழ் பிடிக்கும், சர்க்கரைக்காரருக்கு அது எளிதில் ஆறாது. அதனால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து அது காய்ந்த பிறகே குத்த வேண்டும். ஊசி உங்கள் கண்முன்னே பிரித்த புதுப் பாக்கெட்டாக இருக்க வேண்டும், எடுத்ததும் தடித்த டப்பாவில் விழ வேண்டும். 'உங்களுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம்' என்று பழைய ஊசியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மஞ்சள்காமாலை பி, சி இரண்டும் அந்த வழியில் பரவும்.

அம்மா வெறும் வயிற்றில் போகவே கூடாது. கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை. சாப்பிடாமல் போய்ப் படுத்தால் வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் வரும். ஊசி மயக்கமும் அப்படியேதான் இருக்கும், பார்த்தால் பிரித்துச் சொல்ல முடியாது. ஊசிகளை எடுத்து, படுக்கவைத்துக் காலை உயர்த்தி, குளுக்கோமீட்டரில் பார்த்து, குறைவாக இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் கரண்ட் வைக்கக் கூடாது.

எத்தனை தடவை? வாரம் ஒன்றோ இரண்டோ என்று ஆறு தடவை பாருங்கள். அதற்கு முன்பே ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும்: வலிக்குப் பத்தில் எவ்வளவு மதிப்பெண், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறார், ஆடி வீதியில் எவ்வளவு தூரம் போனதும் வலி பிடிக்கிறது. ஆறாவது தடவை முடிந்தும் இந்த மூன்றும் அசையவில்லை என்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். அசைந்தால் எட்டு, பத்து வரை போகலாம். தேய்ந்த குருத்தெலும்பை ஊசி வளர்க்காது, வலியைத்தான் குறைக்கும். அதிலும் அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 2019-இல் முழங்கால் தேய்மானத்துக்கு இதை நிபந்தனையோடு பரிந்துரைத்தது. சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வேண்டாம் என்றது. குத்துவதுபோல் பாவனை செய்யும் பொய் ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியதாகவும், ஒன்றும் செய்யாததோடு ஒப்பிட்டால் பெரியதாகவும் வருவதுதான் இந்த இழுபறிக்குக் காரணம். ஆகவே தொடைத் தசைப் பயிற்சியை விட்டுவிட்டு ஊசியை மட்டும் நம்பாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து வினாடி நிறுத்துவது, பத்து முறை, காலையும் மாலையும்.

மருந்துக்கடைத்தெரு:

மேலே அவர் சொன்னது சரி. நான் டப்பாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எனக்கு அதுதான் பயம். இதில் ஊசியைவிட மூலிகையில்தான் அதிகம் கெட்டுப்போகிறது.

சீனத்தில் மூட்டுவலிக்குப் பேர்போன கஷாயம் தூஹுவோ ஜிஷெங் தாங், 15 சரக்கு. அதில் பட்டை, அதிமதுரம் எல்லாம் நம் கடையிலும் உள்ளவைதான். ஆனால் ஷிஷின் என்றொரு சரக்கும் சேரும். அது ஆடுதின்னாப்பாளைக் குடும்பம். இந்தக் குடும்பத்தில் உள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். ஃபாங்ஜி என்ற பெயரில் இரண்டு வேறு செடிகள் விற்கும். ஒன்றில் இந்த அமிலம் கிடையாது, இன்னொன்றில் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் மருந்தில் இந்த இரண்டும் மாறிப்போய், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. சர்க்கரையே சிறுநீரகத்தை அரிக்கும் நோய், அதற்கு மேல் இதுவுமா?

அதிமதுரம் அளவுக்கு மீறினால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். தாங்குய் என்ற சரக்கை, ரத்தம் இளக்கும் வார்ஃபரின் மாத்திரையோடு சேர்த்தால் ரத்தக்கசிவு கூடும். லேபிளில் சரக்குப் பெயர் இல்லாத டப்பாவில் இன்னொரு திருட்டும் நடக்கும்: டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து கலப்பது. இரண்டே நாளில் வலி பறந்துபோகும். ஒரு வாரத்தில் சர்க்கரை ஏறும், மாதக்கணக்கில் போனால் முகம் உப்பும். வலி நிஜமாகவே மாயமானால் சந்தோஷப்படுவதற்கு முன் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். பல வாரம் சாப்பிட்டிருந்தால் தானாகவும் நிறுத்தாமல் டாக்டரிடம் டப்பாவைக் காட்டுங்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று விடக் கூடாது.

நாடி என்றதும் நம் சித்தர் முறை என்று நினைத்துவிட வேண்டாம். நாம் மூன்று விரலில் வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) பார்க்கிறோம். சீன வைத்தியர்களும் மூன்று விரல்தான் வைப்பார்கள், ஆனால் இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம், வலது கையில் நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம் என்று உறுப்பு வாரியாகப் படிப்பார்கள். இரண்டிலும் சர்க்கரை அளவு எத்தனை என்று விரலுக்குத் தெரியாது.

மல்லிகைக்கொடி:

தங்கைக்கு நான் சொல்கிறேன். பிசி 6 என்ற புள்ளிக்கு ஊசி தேவையில்லை, அழுத்தினால் போதும். உள்ளங்கையை ஒட்டிய மணிக்கட்டு ரேகையில் அவளுடைய மூன்று விரலை வைத்து, மேல்விரல் முடியும் இடத்தில் இரண்டு தசைநாண் கயிறுகளுக்கு நடுவே. அடுத்தவர் விரலால் அளந்தாலோ, கயிறுகளுக்கு வெளியே அழுத்தினாலோ பயனில்லை. கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம், இரு கையிலும், நாளுக்கு நாலைந்து தடவை. எழுந்திருக்கும் முன் ஒரு தடவை. ஆபரேஷனுக்குப் பின் வரும் வாந்திக்கு இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. கர்ப்ப வாந்தியில் முடிவுகள் கலந்துதான் வருகின்றன, ஆனால் அழுத்துவதால் கெடுதல் இல்லை. சுக்குப்பொடி 250 மி.கி. வீதம் நாளுக்கு நான்கு வேளை, மொத்தம் 1 கிராம், ஆராய்ச்சிகளில் பார்த்த அளவு. பிரசவ டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுக்கட்டும்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே உள்ள எல்ஐ 4, உள்கணுக்காலுக்கு 3 சுன் மேலே உள்ள எஸ்பி 6, இந்த இரண்டையும் கர்ப்பத்தில் தொடக் கூடாது என்பது மரபு. தலைவலி என்று யாராவது எல்ஐ 4-ஐ அழுத்த வந்தால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர் நிறமாகப் போகிறது என்றால் புள்ளியைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு. டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும்.

திருமங்கலத்தான்:

மூவருக்கும் நன்றி. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சூடு கொடுப்பதை வீட்டிலேயே செய்யலாமா? அம்மாவுக்குக் குளிர்ந்தால்தான் வலி.

ஊசிமுனை:

செய்யலாம், முழங்காலில் மட்டும். காய்ந்த மூலிகையைச் சுருட்டுபோல உருட்டி வருவதுதான் மொக்சா குச்சி. நம் மரிக்கொழுந்தின் இனத்துச் செடி. நுனியைப் பற்றவைத்துத் தோலிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரு இடத்துக்கு 10 முதல் 15 நிமிடம். தோல் லேசாகச் சிவந்தால் போதும். முதலில் பாதத்தில் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு உணர்ச்சி குறைந்திருந்தால் முழங்காலுக்குக் கீழே சூடே வேண்டாம், வெந்தாலும் அவருக்குத் தெரியாது. முழங்காலிலும் உங்கள் இரண்டு விரலைப் புள்ளிக்கு இருபுறமும் வைத்துக்கொள்ளுங்கள், சூட்டை உங்கள் விரல் சொல்லும். சாம்பலை அடிக்கடி தட்டாவிட்டால் தோலில் விழும். சன்னலைத் திறந்துவையுங்கள், புகை அதிகம். முடிந்ததும் மணல் போட்ட டம்ளரில் நுனியைக் குத்தி அணையுங்கள், நன்றாக அணைந்ததா என்று பத்து நிமிடம் கழித்து ஒருமுறை பாருங்கள். உள்ளே கனல் வெகுநேரம் உயிரோடு இருக்கும்.