பகலில் சோலாரை நிறுத்து, இரவில் எண்ணெய் எரி: இது என்ன கணக்கு?

நிலாவெளி_கடைசிவீடு:
வணக்கம். எங்கள் வீடு இலங்கையில் திருகோணமலை மாவட்டத்து நிலாவெளிப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வரும் லைனில் கடைசி வீடு. கூரையில் 5 கிலோவாட் சோலார், நெட் அக்கவுண்டிங் முறை, அதாவது நாங்கள் பாவித்து மிஞ்சும் கரண்டுக்குக் காசு தரும் முறை. வெயில் ஏறிய பிறகு 11 மணி தொடக்கம் இன்வேட்டர் (சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) நின்று நின்றுதான் ஓடுகிறது, திரையில் வோல்டேஜ் கூட என்று வருகிறது, 250ஐத் தாண்டுகிறது. பூட்டித் தந்த கம்பனிக்காரர் லைன் பிழை என்கிறார், லைன் பார்க்க வந்தவர் கம்பனிக்காரனின் செட்டிங் பிழை என்கிறார், நடுவில் நான் லோன் கட்டுகிறேன்.

அது போக எனக்கு விளங்காத பெரிய விஷயம் ஒன்று. 2025 சித்திரைப் புத்தாண்டு நேரம் ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணி வரைக்கும் கூரை சோலார்களை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டதே, ஞாபகம் இருக்கிறதா? சும்மா வரும் கரண்டைப் பகலில் வேண்டாம் என்றுவிட்டு, இரவு ஏழு மணிக்குக் களனிதிஸ்ஸ, கெரவலப்பிட்டிய மின்நிலையங்களில் எண்ணெய் எரிக்கிறார்கள். 2030இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற இலக்கும் அதே அரசாங்கத்தினுடையதுதான். இனி இங்கே பக்கத்தில் சம்பூரிலும் 120 மெகாவாட் சோலார் பூங்கா வந்தால் எங்களைப் போன்றவர்களை ஒரேயடியாக நிறுத்திவிடுவார்களா? பற்றரி வாங்கலாமா, இல்லை சும்மா இருக்கலாமா?

பழைய_சுவிட்ச்யார்ட்:
தம்பி, நீங்கள் இரண்டு வேறு பிரச்சினைகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு இன்வேட்டர் நிற்பது உங்கள் ட்ரான்ஸ்போமருக்கும் உங்கள் வீட்டுக்கும் இடைப்பட்ட சங்கதி, நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை வேறு யாராவது சொல்லட்டும், நான் பெரியதைச் சொல்கிறேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி கடந்து நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டது என்று எல்லோரும் சிரித்தோம். ஒரு துணை மின்நிலையத்தில் கோளாறு வருவது எந்த நாட்டிலும் நடக்கும், அது ஏன் மொத்த நாட்டையும் இழுத்துக்கொண்டு போனது என்பதுதான் கேள்வி. ஞாயிறு என்றால் அலுவலகமும் இல்லை, பல தொழிற்சாலைகளும் இல்லை, தேவை குறைவு. வெயிலோ உச்சம். அந்த நேரத்தில் ஓடியதில் பெரும் பங்கு சோலார். நீர்மின், அனல்மின் இயந்திரங்கள் பல டொன் எடையோடு சுற்றுபவை. பழைய அரிசி மில்லில் மோட்டரை நிறுத்திய பிறகும் அந்தப் பெரிய சில்லு கொஞ்ச நேரம் சுற்றுமே, அந்தச் சுற்றுதான் ஒரு கோளாறு வரும்போது 50 ஹேர்ட்ஸ், அதாவது கரண்ட் விநாடிக்கு 50 தரம் துடிக்கும் வேகம், சட்டென்று விழாமல் சில விநாடி தாங்கிப் பிடிக்கிறது. அதற்குள் மற்ற நிலையங்கள் உற்பத்தியைக் கூட்டிவிடும். சாதாரண சோலார் இன்வேட்டரில் சுற்றுகிற பொருள் ஒன்றுமில்லை, போதாததற்கு ஹேர்ட்ஸ் கொஞ்சம் தளம்பினாலே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானும் கழன்றுவிடுகிறது. ஆயிரக்கணக்கான கூரைகள் ஒரே விநாடியில் கழன்றால் மிச்சமிருப்பதும் விழும். அன்று நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும், மொத்தம் 900 மெகாவாட், நின்றுபோய்த் திரும்ப ஏற நாட்கள் எடுத்ததால்தான் அடுத்தடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர வெட்டு வந்தது.

இப்போது உங்கள் கேள்வி. நுரைச்சோலையைப் பகலில் அணைத்துவிட்டுப் பின்னேரம் கொளுத்த ஏலாது, நிலக்கரிக் கொதிகலன் அப்படி வேலை செய்யாது. ஆகவே இரவுக்கு அது வேண்டும் என்றால் பகலிலும் ஓரளவுக்கு ஓட வேண்டும். புத்தாண்டுக் கிழமையில் தேவை விழும்போது அதையும் குறைக்க ஏலாது, கூரைகளைக் கட்டுப்படுத்தவும் வழியில்லை, அதனால்தான் உங்களிடம் கேட்டார்கள். கேட்டது சரி. அந்த நிலை வரும்வரை கூரைகளுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டே போய், பற்றரிக்கும் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் வசதிக்கும் ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் பிழை.

கொட்டியாரக்குடா:
சம்பூர் பேச்சு வந்ததால் சொல்கிறேன், நான் மூதூர்ப் பக்கத்து ஆள். அந்த நிலத்திலிருந்து சனம் 2006இல் இடம்பெயர்ந்தது. 2013இல் இந்திய அரசின் மின் நிறுவனமான என்டிபிசியோடு 500 மெகாவாட் நிலக்கரி நிலையத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள், 2016இல் அது கைவிடப்பட்டது, பிறகு அதே கூட்டு சோலாருக்கு மாறியது. 2025 ஏப்ரல் 5 கொழும்பில் இருந்தபடியே மோடி தொடக்கிவைத்தார். சாம்பலும் கடலுக்குள் சுடுதண்ணீரும் வராமல் போனதில் எங்களுக்கு நிம்மதி, அதில் மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் சுவிட்ச்யார்ட் அண்ணா சொன்னதை வைத்துப் பார்த்தால் 120 மெகாவாட்டும் அதே நடுப்பகலில்தானே வரப்போகிறது? காணி எங்களுடையது, கரண்ட் வருவது யாருக்கும் தேவையில்லாத நேரத்தில். மன்னார் தம்பபவனியில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட், அவை கச்சான் காலத்தில் இராத்திரியிலும் சுற்றும். சோலார் அப்படி இல்லையே.

பழைய_சுவிட்ச்யார்ட்:
தங்கச்சி சொல்வது சரி. ஆனால் பெரிய சோலார் பூங்காவைக் கட்டுப்பாட்டறையில் இருந்தே குறைக்கலாம், கூட்டலாம். ஐந்து கிலோவாட் கூரைகளை அப்படிச் செய்ய ஏலாது. அதனால் கட்டுப்பாட்டறைக்குச் சம்பூரை விடக் கூரைதான் தலையிடி.

இந்தியாவுக்கு விற்கலாமே என்று யாராவது கேட்க முதல் நானே சொல்லிவிடுகிறேன். மதுரையில் இருந்து இலங்கைக்கு எச்விடிசி இணைப்பு, அதாவது உயர் அழுத்த நேர்மின்சாரக் கேபிள், போடும் திட்டம் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் நமக்கும் அவர்களுக்கும் ஒரே கடிகாரம், ஒரே வெயில். நமக்கு மிஞ்சும் நேரத்தில் தமிழ்நாட்டுச் சோலாரும் உச்சத்தில் நிற்கும், நமக்கு முட்டும் ஏழு மணிக்கு அவர்களுக்கும் முட்டும். ஒரு கோளாறு வந்தால் தாங்கிப்பிடிக்க அந்தக் கேபிள் உதவும், நடுப்பகல் கரண்டை நல்ல விலைக்கு விற்க உதவும் என்று நான் நம்பவில்லை.

ஐஸ்பெட்டி:
எல்லோரும் உற்பத்தியைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் கோட்பே துறைமுகத்துப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். எங்களுக்கு நேரத்துக்கு நேரம் வேறு வேறு கட்டணம்: மாலை 6.30 முதல் 10.30 வரை உச்சம், இரவு 10.30 முதல் விடிய 5.30 வரை மலிவு, பகல் இரண்டுக்கும் நடுவில். அதனால் நாங்கள் ஐஸ் கட்டுவது நடுச்சாமத்தில். அந்த நேரத்தில் சூரியன் எங்கே? நுரைச்சோலைக்கு இராத்திரியில் வேலை கொடுப்பதற்குப் பொருந்துகிற கட்டணம் இது, கூரைகளில் சோலார் நிறைந்த பிறகும் அப்படியே கிடக்கிறது. பகல் 10 மணி முதல் 2 மணி வரை மலிவாக்கினால் நாளைக்கே நான் ஷிப்ட்டை மாற்றுவேன், ஐஸ் கரையாமல் அறையில் கிடக்கும், பற்றரி வாங்கத் தேவையில்லை. தண்ணீர் இறைப்பும் ஹோட்டல்காரரின் குளிரறையும் அப்படித்தான். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள் மட்டும் மாறினாலே உங்கள் லைனில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கலாம் தம்பி.

வயர்_மேன்:
கடைசிவீட்டு அண்ணா, உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். 230 வோல்டுக்கு 6 சதவீதம் கூடலாம், அதாவது 244 அளவு. உங்களிடம் 250 என்றால் லைனைச் சரிசெய்யச் சொல்லி எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. காரணம் இதுதான்: மெல்லிய, நீண்ட கம்பியில் கரண்டைத் திருப்பித் தள்ளும்போது தள்ளுகிற முனையில் வோல்டேஜ் ஏறும், கடைசி வீட்டில்தான் ஆகக் கூட. பகலில் அயலில் யாரும் பாவிப்பதில்லை என்றால் இன்னும் மோசம்.

உங்கள் வீட்டு இணைப்பு சிங்கிள் பேஸா (ஒரு மின்கம்பி), திரீ பேஸா (மூன்று மின்கம்பி) என்று சொல்லவில்லையே? சிங்கிள் பேஸில் 5 கிலோவாட் என்றால் முதலில் திரீ பேஸுக்கு மாறுவதைப் பாருங்கள், அல்லது உங்கள் பேஸில் எத்தனை சோலார் இருக்கிறது என்று பார்த்து மாற்றிக் கேளுங்கள். சோலாரை நிறுத்திவிட்டு நடுப்பகலில் வோல்டேஜ் எவ்வளவு என்று எடுங்கள், ஓடும்போதும் எடுங்கள், இரண்டையும் நேரத்தோடு படம் பிடித்துக் கடிதத்தோடு கொடுங்கள். நிறுத்தியும் 240க்கு மேல் என்றால் ட்ரான்ஸ்போமரின் டாப்பை, அதாவது அது வெளியே தரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, குறைக்க வேண்டும், அது லைனை நடத்துகிறவர்களின் வேலை. இன்வேட்டர் நிற்கும் வோல்டேஜ் செட்டிங்கை மேலே ஏற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் செய்ய விடாதீர்கள், முதலில் போவது உங்கள் பிரிட்ஜ்.

நிலாவெளி_கடைசிவீடு:
சிங்கிள் பேஸ்தான். பற்றரி பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?

வயர்_மேன்:
இப்போதுள்ள இன்வேட்டர் கரண்ட் போனால் சோலாரும் சேர்த்து நிற்கும், லைனில் வேலை செய்பவருக்கு அடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆகவே பற்றரி மட்டும் வாங்கிப் பயனில்லை, பற்றரியையும் சேர்த்து ஓட்டும் ஹைபிரிட் இன்வேட்டரும் வேண்டும், இரண்டும் சேர்த்துச் செலவு பெரிது. மாலையில் பற்றரியிலிருந்து கொடுக்கும் யூனிட்டுக்குக் கூடுதல் விலை தருகிற முறை உங்கள் ஒப்பந்தத்துக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பிறகு கணக்குப் பாருங்கள். அதுவரை தண்ணீர் மோட்டர், வாஷிங் மெஷின், ஏசி எல்லாவற்றையும் 11க்கும் 2க்கும் இடையில் போடுங்கள், காசில்லாமல் செய்யக்கூடியது அதுதான். டாப் விஷயத்துக்கு உங்கள் ட்ரான்ஸ்போமர் இலக்கம் தேவைப்படும், தூணில் எழுதியிருக்கும், கடிதத்தில் அதையும் போடுங்கள்.